விசாரணைக் கமிஷன் வாயை மூடிய மாதம்

குக்கருக்கு ஒரு ரப்பர் வளையம் வாங்க அந்தக் கடைக்குப் போனால், வளையத்தோடு திரும்பி வருவீர்கள் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. மூடி உள்ளே போய் உட்காருமா, வெளியே கவ்வுமா? எத்தனை லிட்டர்? பழைய மாடலா, புது மாடலா? பழைய வளையம் எங்கே? ஏன் கொண்டுவரவில்லை? கழுவிவிட்டுக் காயவைப்பீர்களா, ஈரத்தோடு அப்படியே மூடிவைப்பீர்களா? ஆவி கைப்பிடிப் பக்கம் கசிகிறதா, எதிர்ப்பக்கமா? இத்தனைக்கும் பதில் சொல்லி நாக்கு வறண்டு நிற்கும்போது, "வளையம் நல்லாத்தான் இருக்கும்மா. மூடி நெளிஞ்சிருக்கு. கீழ போட்டீங்களா?" என்பார் கடைக்காரர். போட்டிருப்பீர்கள். இவருக்கு எப்படித் தெரிந்தது என்று வியந்துகொண்டே வெறுங்கையோடு வீட்டுக்கு நடப்பீர்கள். அவருக்கு வியாபாரம் இல்லை, உங்களுக்கு வளையம் இல்லை. உண்மை வெளிவந்துவிட்டது அல்லவா, அவருக்கு அது போதும்.

எதிர்வரிசை ஜெராக்ஸ் கடைக்காரர்தான் அவருக்கு 'விசாரணைக் கமிஷன்' என்று பெயர் வைத்தார். நாளடைவில் விசாரணை உதிர்ந்து கமிஷன் மட்டும் தங்கிவிட்டது. தெருவில் அவருடைய சொந்தப் பெயர் தெரிந்தவர்கள் தபால்காரரும் மின்சார அலுவலகமும்தான்.

கமிஷனுக்கு இந்தக் குணம் பிறவியிலேயே வந்ததல்ல. வீட்டுச் சாமான் விற்கும் பெரிய கடை ஒன்றின் ரிப்பேர் பிரிவில் பதினோரு வருஷம் வேலை பார்த்தார். அங்கே அவருக்குச் சொல்லப்பட்ட வேலை, வரும் சாமானைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி, "இது இனிமே ஓடாதுங்க, புதுசு எடுத்துக்கோங்க" என்று மாடிக்கு அனுப்புவது. கமிஷன் உதட்டைப் பிதுக்கப் பழகவில்லை. மிக்ஸியோடு வந்தவர்களை மிக்ஸியோடேயே, அதுவும் ஓடும் மிக்ஸியோடு, திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். பதினோரு வருஷம் பொறுத்துப் பார்த்த முதலாளி, "நீங்க தனியா கடை வச்சா நல்லா வருவீங்க" என்று மனதார வாழ்த்தி வழியனுப்பிவைத்தார். வேலையை விட்டுத் தூக்குவதற்கு அதைவிட மரியாதையான வார்த்தை அவருக்குக் கிடைக்கவில்லை.

அப்படிப் பிறந்ததுதான் எட்டடி அகலம் பன்னிரண்டடி நீளக் கடை. மூன்று சுவரிலும் தகர இழுப்பறைகள். வளையம், விசில், வெயிட், சேஃப்டி வால்வு, கைப்பிடி, மிக்ஸியின் அடிப்பல், அடுப்பின் திருகு, எல்லாம் அதனதன் இழுப்பறையில். கல்லாவுக்குப் பின்னால் ஒரு பலகை. அதில் ஆணி அடித்து, தேய்ந்துபோன பழைய வளையங்களை அளவு வாரியாக மாட்டியிருப்பார். யாராவது வெறும் கையால் காற்றில் வட்டம் போட்டு "இவ்வளவு பெருசு இருக்கும்" என்றால், அந்தப் பலகையைப் பார்க்கச் சொல்வார். வட்டம் போட்டவர்கள் எல்லாரும் தப்பாகவே போட்டார்கள் என்பது இருபது வருஷத்தில் அவர் கண்ட உண்மை.

மனிதர்கள் நடந்து வந்துகொண்டிருந்தவரை இதெல்லாம் செல்லுபடியானது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏதோ குழாய் பதிக்கிறோம் என்று தெருவைத் தோண்டினார்கள். கடைவாசலை ஒட்டித் தகரத் தடுப்பு வைத்து, 'பணி நடைபெறுகிறது, சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று பலகை மாட்டினார்கள். குழாயை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. பலகைக்கு மட்டும் ஒருதடவை புதுப் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார்கள். தடுப்புக்கும் கடைக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்து வரலாம். ஒருக்களித்து வந்து கேள்விக்குப் பதில் சொல்லுமளவு பொறுமை உள்ளவர்கள் உலகத்தில் குறைவு.

அப்போது காப்பாற்ற வந்தவர் மச்சினன், அதாவது கமிஷனுடைய மனைவியின் தம்பி. ஊருக்கு வெளியே குடோன் வைத்து, ஆன்லைனில் விற்கும் கம்பெனிகளுக்குப் பார்சல் கட்டித் தருபவர். அவர் குடோனில் பொருளைக் கண்ணால் பார்க்க வேண்டிய அவசியமே கிடையாது. துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை அட்டைப்பெட்டி மேல் நீட்டினால் 'பீப்' என்று கத்தும். கத்தினால் வண்டியில் ஏற்று, கத்தாவிட்டால் ஓரமாக வை. வேலையின் முழு சாஸ்திரமும் அவ்வளவுதான். மாமாவைப் பார்க்கும்போதெல்லாம் மச்சினன், "பேசாம நம்ம குடோனுக்கு வந்துடுங்க மாமா, ஃபேனுக்கு அடியில நாற்காலி போட்டுத் தர்றேன்" என்பார். அன்பாகத்தான் சொன்னார். கமிஷனுக்கு மட்டும் அந்த நாற்காலியை நினைத்தாலே முதுகு வலிக்கும்.

குடோனுக்கு வராவிட்டால் போகிறது, ஆன்லைனுக்காவது வாருங்கள் என்று பெரிய விற்பனை ஆப் ஒன்றில் மச்சினனே கடைக்கு ஒரு பக்கம் திறந்து கொடுத்தார். கமிஷனின் மனைவி சாமான்களைப் போட்டோ எடுத்து ஏற்றினார். ஏற்றிய முதல் வாரமே ஆர்டர் வந்தது. எங்கெங்கிருந்தோ, பெயர் கேள்விப்படாத ஊர்களிலிருந்தெல்லாம் வந்தது. உலகத்தில் இத்தனை குக்கர்கள் கசிந்துகொண்டிருக்கின்றன என்பது அதுவரை அவர்களுக்குத் தெரியாது.

ஆப்புக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். ஆர்டர் வந்தால் பொருளை எடு, பையில் போடு, ஒட்டு, அனுப்பு. நடுவில் மனிதர்கள் பேசிக்கொள்ளத் தேவையில்லை. கமிஷனோ பார்சலில் ஒட்டியிருக்கும் போன் நம்பரைப் பார்த்ததும், ஆப் எவ்வளவு வசதி செய்து கொடுத்திருக்கிறது என்று பூரித்துப்போனார்.

"வணக்கங்க, குக்கர் வால்வு ஆர்டர் போட்டிருந்தீங்களே, அந்தக் கடைலேர்ந்து பேசறேன். உங்க குக்கர் அடியில ஏதாவது நம்பர் அடிச்சிருக்கா பாருங்க."

"யாருங்க நீங்க? நான் மீட்டிங்ல இருக்கேன்."

"பரவாயில்லை, முடிச்சிட்டு குக்கரைக் கவுத்துப் பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்."

இப்படி லைனில் காத்திருந்ததில் சில ஆர்டர் தப்பு என்று தெரிந்தது. அவர் எதிர்பார்த்ததுதான். தப்பான பொருளை எப்படி அனுப்புவது? ரத்து செய்தார். வாங்குபவரே ரத்து செய்தால் கடைக்குப் பழி இல்லை என்று மனைவி சொல்லிக் கொடுத்ததால் அதையும் கேட்டுப் பார்த்தார். "விக்க மாட்டேன்னு சொல்றது நீங்க, ரத்து நான் பண்ணணுமா?" என்றார்கள். அதுவும் நியாயமாகவே பட்டது. அவரே ரத்து செய்தார்.

வேடிக்கை என்னவென்றால், தப்பான வளையத்தை அனுப்பி, அது ஒத்துவரவில்லை என்று திரும்பி வந்து, மறுபடி வேறொன்றை அனுப்பினால் ஆப் ஒரு வார்த்தை சொல்லாது. ஒரு ரப்பர் வளையம் மூன்று தடவை நாடு சுற்றி வரலாம், அது வியாபாரம். அனுப்புவதற்கு முன்னால் ஒரு போன் போட்டு 'இது உங்களுக்குச் சேராது' என்றால் அது குற்றம். மூன்று மாதத்துக்குள் பத்து ரத்து ஆனால் பக்கம் பூட்டப்படும். விற்பனையாளர் போன் போட்டுத் தொந்தரவு செய்கிறார் என்று ஒரு புகார் வந்தால், அதுவும் ஒரு ரத்துக்குச் சமம்.

இரண்டு மாதத்தில் கமிஷனின் கணக்கில் ஒன்பது ஏறியது. 'அன்புள்ள விற்பனையாளரே' என்று தொடங்கி, நடுவில் அழுகிற முகம் ஒன்றைப் போட்டு, ஆப் எச்சரிக்கை அனுப்பியது. மூன்றாவது மாதம் முடிந்தால் கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்பும். அதற்குள் இன்னும் ஒன்று ஆனால் பூட்டு.

அன்று மதியம் கடையிலேயே மச்சினனை உட்காரவைத்து மனைவி பேசினார். இந்த அம்மாள் அதிகம் பேசுகிறவர் இல்லை. பார்சல் மேஜையில் டேப்பை இழுத்து ஒட்டும் சத்தம்தான் பெரும்பாலும் அவருடைய பதில்.

"இந்தப் பக்கமும் போச்சுன்னா கடையில ஈதான் ஓட்டணும். தெருவைத் திறக்கப் போறதில்லை. அதனால இன்னைக்கே ஒரு முடிவு. இந்த ஒரு மாசம் நீங்க போனைத் தொடக் கூடாது. வர்ற ஆர்டரை எடுத்துக் கொடுங்க, நான் கட்டறேன். பக்கம் தப்பிச்சா கடை உங்களோடது. பூட்டிட்டாங்கன்னா கடையை மூடிட்டு நீங்க இவன் குடோனுக்குப் போறீங்க."

"மாமா வந்தா எனக்கும் ஒரு நம்பிக்கையான ஆள்" என்றார் மச்சினன் சந்தோஷமாக.

"தப்பான சாமான் போனா?" என்றார் கமிஷன்.

"திருப்பி அனுப்புவாங்க. அதுக்குத்தானே அந்த வசதி இருக்கு? ஊர்ல எல்லாரும் அப்படித்தான் விக்கறாங்க. நீங்க ஒருத்தர்தான் ஒத்தைக் கால்ல நிக்கறீங்க."

கமிஷன் சுவரைப் பார்த்தார். நூற்று நாற்பது இழுப்பறைகள். ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். இதையெல்லாம் விட்டுவிட்டு, ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து, பீப் கத்துகிறதா இல்லையா என்று காது கொடுத்துக்கொண்டு மிச்ச ஆயுளைக் கழிப்பதா? சரி என்று தலையாட்டினார்.

ஒரு ஆள் வாயை மூடுவது அவ்வளவு பெரிய விஷயமா என்று நினைக்கலாம். அந்த மாதம் அவரைப் பார்த்திருக்க வேண்டும். முதல் வாரம் பொருளை எடுத்துக் கொடுத்துவிட்டு, மனைவி அதைப் பையில் போட்டு ஒட்டும்வரை பக்கத்திலேயே நின்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். கேட்க முடியாத கேள்விகளெல்லாம் வேறு பக்கம் திரும்பின. பார்சல் எடுக்க வருகிறவரிடம் அவருடைய பைக்கின் செயின் ஏன் இப்படிச் சத்தம் போடுகிறது, கடைசியாக எப்போது எண்ணெய் விட்டார் என்று குடைந்தார். ஜெராக்ஸ் கடைக்காரரிடம் போய், மிஷினில் ஏன் ஒரு ஓரமாகவே கறுப்புக்கோடு விழுகிறது என்று அரைமணி நேரம் ஆராய்ந்தார். தடுப்பைத் தாண்டித் தப்பித்தவறிக் கடைக்கு வந்த இரண்டொருவர் மாட்டிக்கொண்டு பட்ட பாடு சொல்லி மாளாது. ஒரு விசிலுக்கு வந்தவரிடம் வீட்டுத் தண்ணீர் உப்பா, எந்தக் கடையிலிருந்து அரிசி வாங்குகிறார் என்பதுவரை விசாரணை போனது.

ஆனால் போனைத் தொடவில்லை. பேச்சு என்றால் பேச்சு.

ஆப்புக்கு ஒரே குஷி. பத்தாம் நாள் பக்கத்தின் மதிப்பெண் ஏறியது. பதினைந்தாம் நாள் சிரிக்கிற முகம் வந்தது. இருபதாம் நாள் கடையின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சை முத்திரை விழுந்தது: 'நம்பிக்கைக்குரிய விற்பனையாளர்.' இருபது வருஷம் வந்தவர்களையெல்லாம் துருவித்துருவிக் கேட்டபோது அவருக்கு யாரும் எந்த முத்திரையும் குத்தவில்லை. எதையும் கேட்காமல் கண்ணை மூடிக்கொண்டு அனுப்ப ஆரம்பித்த மூன்றே வாரத்தில் நம்பிக்கைக்குரியவர் ஆகிவிட்டார். மனைவி அந்தப் பக்கத்தைப் போனில் திறந்து காட்டினார். கமிஷன் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்து, "ம்" என்றார்.

இருபத்திரண்டாம் நாள் அந்த ஆர்டர் வந்தது.

ஐந்து லிட்டர் பழைய மாடலுக்கு ஒரு வளையம். கூடவே ஒரு சேஃப்டி வால்வு. வால்வு புது மாடலுடையது. இரண்டு வால்வும் போட்டோவில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். திருகு மரையில்தான் வித்தியாசம், அதுவும் அரை நூல் அளவுதான். பழைய மூடியில் புது வால்வை வைத்துத் திருகினால் நாலு சுற்று போகும், இறுகிவிட்ட மாதிரி நடிக்கும். வளையம் சேராவிட்டால் மூடியே மூடாது, திருப்பி அனுப்பிவிடுவார்கள். இந்த வால்வு அப்படியில்லை. சேர்ந்த மாதிரி காட்டும். அதுதான் ஆபத்து. கமிஷன் இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

நம்பர் பக்கம் கண்ணை ஓட்டாமல் முகவரியை மட்டும் பார்த்தார். ஏதோ கம்பெனியின் பெயர், மூன்றாவது மாடி. ஊர், அவருடைய மகள் கட்டிக்கொண்டு போயிருக்கும் ஊர். அதிலென்ன, அந்த ஊரில் லட்சம் குக்கர் இருக்கும்.

"என்னங்க, ஆள் வந்து நிக்கறாரு" என்றார் மனைவி, பையைத் திறந்து பிடித்துக்கொண்டு. பார்சல் எடுப்பவர் தடுப்புக்கு அந்தப் பக்கம் வண்டியை அணைக்காமல் உறுமவிட்டுக்கொண்டிருந்தார்.

"இல்ல, இந்த வால்வு..."

மனைவி பையைத் தாழ்த்தவில்லை. ஒரு பார்வை பார்த்தார். இன்னும் ஒன்பது நாள் என்று அந்தப் பார்வையில் எழுதியிருந்தது.

ஒருவேளை அந்த வீட்டில் இரண்டு குக்கர் இருக்கும் என்று கமிஷன் நினைத்துக்கொண்டார். ஒன்று பழசு, ஒன்று புதுசு. பழசுக்கு வளையம் போயிருக்கும், புதுசுக்கு வால்வு போயிருக்கும். நடக்காத விஷயமா என்ன? இருபது வருஷத்தில் அவரே வாடிக்கையாளர்களிடம் எத்தனையோ தடவை கையும் களவுமாகப் பிடித்த சால்ஜாப்பு அது. இப்போது தனக்கே சொல்லிக்கொண்டார், நம்பவும் செய்தார். வால்வையும் வளையத்தையும் பைக்குள் போட்டார். டேப் இழுபடும் சத்தம் கேட்டது. வண்டி போய்விட்டது.

அன்று முழுக்க அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஜெராக்ஸ் கடைக்காரர் உடம்புக்கு முடியவில்லையா என்று விசாரித்தார்.

இருபத்தாறாம் நாள் காலை பதினொரு மணிக்கு மகள் போன் செய்தாள். வேலை நேரத்தில் அவள் கூப்பிடுவதில்லை. மனைவி ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, அம்மா, முதல்ல பயப்படாதீங்க. நான் நல்லாத்தான் இருக்கேன்."

இப்படி ஆரம்பித்தால் யாருக்குத்தான் பயம் வராது?

"நேத்து குக்கர் வெடிச்சிடுச்சு. வெடிச்சிடுச்சுன்னா மூடி இல்ல, வால்வு பிச்சுக்கிட்டுப் போச்சு. ஆவி அப்படியே கைல அடிச்சிடுச்சு. முழங்கை வரைக்கும் கட்டுப் போட்டிருக்காங்க. வேற ஒண்ணும் இல்ல."

"பாப்பா?" என்றார் மனைவி. பேத்திக்கு நான்கு வயசு, எப்போதும் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டே நிற்பவள்.

"பாப்பா அப்பத்தான் பென்சிலை எடுக்க ஹாலுக்குப் போனாம்மா."

கமிஷன் நாற்காலியின் விளிம்புக்கு வந்திருந்தார். ஒரு மாதமாக அடைத்து வைத்திருந்ததெல்லாம் உடைந்து வந்தது. "எந்தக் குக்கர்? அஞ்சு லிட்டரா? வால்வு எப்ப மாத்தினே? யார் மாட்டினது? மரை ஏறிச்சான்னு பாத்தியா? எந்த முட்டாள்கிட்ட வாங்கினே அந்த வால்வை?"

அந்தப் பக்கம் பாப்பாவை அவள் உள்ளே போகச் சொல்வது கேட்டது.

"கேக்கறேன்ல? எங்க வாங்கினே?"

"உங்ககிட்டதான்பா."

பிறகு அவளே மெதுவாகச் சொன்னாள். அப்பாவின் பக்கத்துக்கு ஒரு ஆர்டர் சேரட்டும், ஒரு நல்ல வார்த்தை எழுதலாம் என்றுதான் போட்டிருக்கிறாள். தன் பெயரில் போட்டால் காசு வாங்க மாட்டார், அம்மாவும் திட்டுவாள் என்று மாப்பிள்ளையின் ஆபீஸ் பெயரில், ஆபீஸ் முகவரிக்குப் போட்டிருக்கிறாள். மாப்பிள்ளை மூன்று வருஷத்தில் நான்கு கம்பெனி மாறியவர். இப்போது எந்தக் கம்பெனியில் இருக்கிறார் என்பது மாமனாருக்கு மட்டுமல்ல, சில நாள் மாப்பிள்ளைக்கே சந்தேகம். ஆப்பில் இரண்டு வால்வு இருந்ததாம். எது சரி என்று அவளுக்குத் தெரியவில்லை. ஏதோ ஒன்றைத் தொட்டிருக்கிறாள்.

"தப்பா இருந்தா நீங்க கூப்பிடுவீங்கன்னு நினைச்சேன்பா. நீங்கதான் எல்லாரையும் கூப்பிடுவீங்களே. ரெண்டு நாள் போனைப் பார்த்துட்டே இருந்தேன். கூப்பிடலை. அப்ப சரியான வால்வுதான் போல, அப்பா பார்த்துத்தானே அனுப்பியிருப்பார்னு மாட்டிட்டேன்."

கமிஷன் போனையே பார்த்தார். தன் கையாலேயே எடுத்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, தப்பு என்று தெரிந்து, தெரிந்தே பையில் போட்டது அவர்தான். பாப்பா பென்சிலை எடுக்க ஹாலுக்குப் போகாமல் இருந்திருந்தால் என்ற நினைப்பு வந்ததும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். ஜெராக்ஸ் கடைக்காரர் அங்கிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, தன் மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மனைவிக்கும் அதில் பங்கு உண்டு. அந்தப் பார்வையைப் பார்த்தது அவர். பையைத் திறந்து பிடித்ததும் அவர்தான்.

கடையைப் பூட்டிக்கொண்டு இருவரும் பஸ் ஏறினார்கள். மகளின் கையில் கட்டு மாற்றும்போது மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை சிவந்து, தோல் உரிந்து கிடந்ததைப் பார்த்தார்கள். வடு இருக்கும், ஆனால் கை நன்றாக வேலை செய்யும் என்றார் டாக்டர். "பரவாயில்லப்பா, முழுக்கை போட்டுக்கறேன்" என்று மகள் சிரித்தாள். அதைத்தான் கமிஷனால் தாங்க முடியவில்லை. இரண்டு நாள் அவள் வீட்டுச் சமையலறையில் இருந்த திருகு, கைப்பிடி, குழாய் எல்லாவற்றையும் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். யாரும் தடுக்கவில்லை.

திரும்பி வந்து கடையைத் திறந்தபோது இருபத்தொன்பதாம் நாள். ஆறு ஆர்டர் காத்திருந்தது. இன்னும் இரண்டு நாள் வாயை மூடியிருந்தால் கணக்கு பூஜ்யம், பக்கம் தப்பிக்கும், கடை அவருடையது. பார்சல் எடுப்பவர் மூன்று மணிக்கு வருவார்.

முதல் ஆர்டரே சேஃப்டி வால்வு. கமிஷன் எழுந்து போனை எடுக்கப் போனார். அதற்குள் மனைவி அதை எடுத்துவிட்டார். அவர் கை அப்படியே நின்றது. போனைப் பிடுங்கி உள்ளே வைத்துவிடப் போகிறாள் என்றுதான் நினைத்தார்.

மனைவி பார்சல் சீட்டிலிருந்த நம்பரைப் பார்த்து அழுத்தி, காதில் வைத்துக்கொண்டார்.

"வணக்கம்மா. குக்கர் வால்வு ஆர்டர் போட்டிருக்கீங்க, கடைலேர்ந்து பேசறேன். உங்க குக்கர் எத்தனை லிட்டர்? மூடி உள்ள போய் உட்காருமா, வெளிய கவ்வுமா? பழைய வால்வு பக்கத்துல இருக்கா? இல்லையா, எடுத்துட்டு வாங்க. அவசரமில்லை, நான் லைன்லயே இருக்கேன்."

அதே கேள்விகள், அதே வரிசை. இருபது வருஷமாகக் கடையில் கூடவே இருந்து எல்லாவற்றையும் காதில் வாங்கியிருக்கிறார். அந்த அம்மாள் போட்ட ஆர்டர் தப்புதான். மனைவி கமிஷனைக் கேட்காமலேயே ரத்தை அழுத்தினார். பத்து.

கால்மணி நேரத்தில் ஆப் கடிதம் அனுப்பிவிட்டது. 'அன்புள்ள விற்பனையாளரே, எங்களோடு நீங்கள் மேற்கொண்ட இனிய பயணத்துக்கு நன்றி' என்று ஆரம்பித்து, பக்கத்தைப் பூட்டியது. பச்சை முத்திரையையும் மறக்காமல் பிடுங்கிக்கொண்டது. மூன்று மணிக்கு வந்த பார்சல்காரர் வெறுங்கையோடு போனார்.

விஷயம் தெரிந்து மச்சினன் அன்று மாலையே வந்துவிட்டார். முகத்தில் வருத்தம், கையில் குடோனில் சேர்வதற்கான படிவம்.

"என்ன மாமா பண்றது, விதி. ஒண்ணாம் தேதி வந்துடுங்க. நாற்காலி ரெடி."

கமிஷன் பேனாவுக்காகச் சட்டைப்பையைத் தடவினார். பேச்சு என்றால் பேச்சு அல்லவா?

மனைவி அந்தப் படிவத்தைத் தம்பி கையிலிருந்து வாங்கித் தன் பெயரை எழுதினார்.

"அக்கா, என்ன பண்றே?"

"நான் வர்றேன். பார்சல் கட்டறது எனக்கு இவரைவிட நல்லா வரும்."

"அப்ப கடை?"

"கடையில அவர் இருக்கட்டும். ஒருத்தர் ரெண்டு பேர் வந்தாலும் போதும், கேக்கறதுக்கு ஆள் இருக்கணும்." அதற்குமேல் அவர் அழுதுவிடுவார் போலிருந்தது. மச்சினன் படிவத்தை மடித்து வைத்துக்கொண்டார்.

ஒன்றாம் தேதியிலிருந்து மனைவி காலை எட்டு மணி பஸ்ஸைப் பிடித்துக் குடோனுக்குப் போனார். கமிஷன் தனியே கடையில் உட்கார்ந்தார். ஒருக்களித்து வந்த நாலைந்து பேருக்கு வளையம் கொடுத்தார், பாதிப் பேருக்குக் கொடுக்கவில்லை. மதியச் சாப்பாட்டை எதிரே யாரும் இல்லாமல் சாப்பிட்டார். பார்சல் மேஜையைத் துடைத்து வைத்தார். கடை தப்பித்தது, ஆனால் அவள் அங்கே போய் பீப் கேட்டுக்கொண்டிருக்கிறாளே என்பது அவருக்கு உறுத்தலாகவே இருந்தது.

ஐந்தாம் நாள் மச்சினன் போன் செய்தார். மூச்சு வாங்கியது.

"மாமா, நீங்க அக்காகிட்ட கொஞ்சம் எடுத்துச் சொல்லணும். இங்க ஒரே கலாட்டா. மிஷின் பீப் அடிச்ச பார்சலையெல்லாம் அக்கா தூக்கி ஓரமா வைக்குது. காலைலேர்ந்து முப்பத்தெட்டு. ஒவ்வொண்ணையும் பிரிச்சுப் பார்க்குது, சீட்டுல இருக்கற நம்பருக்கு போன் போடுது. குழந்தைக் கட்டிலுக்கு ஆர்டர் போட்டவங்ககிட்ட, உங்க கதவோட அகலம் என்னன்னு கேட்டுட்டு லைன்ல நிக்குது. வெளிய நாலு வண்டி நிக்குது மாமா. நான் சொன்னா காதுல வாங்கிக்கவே மாட்டேங்குது. நீங்க சொன்னாக் கேக்கும்."

கமிஷன் போனைக் காதிலிருந்து எடுத்துச் சிரித்தார். மகளின் கையைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் அவருக்குச் சிரிப்பு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி காதில் வைத்தார்.

"கதவு எவ்வளவு அகலமாம்?"

"எனக்கு எப்படி மாமா தெரியும்?"

"அப்ப அவ கேட்டு முடிக்கட்டும்" என்றார் கமிஷன். "அதுக்கப்புறம் வண்டியை அனுப்பு."